உஷார்! கம்ப்யூட்டரை கவுன்டரில் வைக்கும் முன்...

வாரண்டி மறுக்கப்பட்டவர்கள் படும் பாட்டைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். ஒழுங்காக வாரண்டி கிடைத்தவர்களே இப்போது தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். அதைச் சொல்லத்தான் இந்த அவசரம்.

கம்பெனி சொன்ன சொல் தவறவில்லை என்றே வைத்துக்கொள்வோம். எக்ஸ்டெண்டட் வாரண்டியில் புது மதர்போர்டு போட்டாயிற்று. பைசா வாங்கவில்லை. திரையைக்கூடத் துடைத்துக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து ஆன் செய்தால் நீலத் திரை வருகிறது, 48 இலக்கம் கொண்ட ஓர் எண்ணைப் போடச் சொல்கிறது. அந்த எண் இல்லையென்றால் கல்யாண போட்டோ, கிரயப் பத்திர ஸ்கேன், பிள்ளையின் காலேஜ் புராஜெக்ட் எல்லாம் டிஸ்க்குக்குள் பத்திரமாக இருக்கும், ஆனால் யாராலும் திறக்க முடியாது. சர்வீஸ் சென்டருக்கு போன் போட்டால், "டேட்டாவுக்கு நாங்க பொறுப்பில்ல சார், ஜாப் ஷீட்லயே போட்டிருக்கு, நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க" என்பார்கள். பொய் இல்லை. போட்டிருக்கிறது, நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்.

நடந்தது இதுதான். விண்டோஸ் 11 உள்ள கம்ப்யூட்டர்களில் டிஸ்க்கில் இருப்பதை எல்லாம் பூட்டிவைக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. டிவைஸ் என்கிரிப்ஷன் என்பார்கள், பிட்லாக்கர் என்றும் சொல்வார்கள். பூட்டின் சாவி மதர்போர்டில் உள்ள டிபிஎம் என்ற சில்லில் இருக்கிறது. போர்டு அதுவேதான் என்றால் சத்தமில்லாமல் திறந்துகொள்ளும். போர்டை மாற்றினால் சாவி பழைய போர்டோடு போய்விட்டது. திருடன் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு போனாலும் படிக்க முடியாதபடி செய்த பாதுகாப்பு, சொந்தக்காரரையே வெளியே நிறுத்திவிடுகிறது. 2024 அக்டோபரில் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து, புதிதாக விண்டோஸ் ஏற்றும் பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் மைக்ரோசாப்ட் அக்கவுன்ட்டில் நுழைந்தவுடன் இது தானாகவே ஆன் ஆகிவிடுகிறது. நீங்கள் எதையும் தட்டியிருக்க வேண்டியதில்லை. உங்களை யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

மாற்றுச் சாவியான அந்த 48 இலக்க ரெக்கவரி கீ, விண்டோஸை முதன்முதலில் ஆன் செய்தபோது எந்த மைக்ரோசாப்ட் அக்கவுன்ட்டில் நுழைந்தீர்களோ அதில் இருக்கும். நம் ஊர்ப் பக்கம் சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. விழுப்புரம் நேருஜி ரோட்டிலோ திண்டிவனம் நேரு வீதியிலோ லேப்டாப் வாங்குகிற குடும்பத்தில் யார் உட்கார்ந்து அக்கவுன்ட் தொடங்குகிறார்கள்? கடைத் தம்பிதான் போட்டுக் கொடுக்கிறார். அவரே ஒரு மெயில் ஐடி உருவாக்குவார், அவரே ஒரு பாஸ்வேர்டு வைப்பார், நாலு இலக்க பின் நம்பரை மட்டும் நம்மிடம் சொல்லி அனுப்புவார். அந்த பின் நம்பரிலேயே மூன்று வருஷம் ஓடிவிடும்.

திண்டிவனத்தில் எனக்குத் தெரிந்த வீட்டில் இப்படித்தான் ஆயிற்று. போர்டு மாறி வந்த லேப்டாப் நீலத் திரையில் நின்றது. வாங்கிய கடைக்கு ஓடிப்போய், "தம்பி, அன்னிக்கு எந்த மெயில் ஐடி போட்டுக் குடுத்தீங்க?" என்று அந்த அம்மா கேட்டார். "அக்கா, டெய்லி எத்தனையோ சிஸ்டம் போட்டுக் குடுக்கிறோம், எது எதுன்னு எப்பிடிக்கா ஞாபகம் வெச்சுக்கிறது? ஃபார்மட் அடிச்சுத் தரட்டுமா?" என்றாராம் பையன். அவர்மேல் கோபப்பட்டும் புண்ணியமில்லை. கடைசியில் ஃபார்மட்தான் அடித்தார்கள்.

கம்ப்யூட்டர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இன்றைக்கே இதைப் பார்த்துவிடுங்கள். செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி என்ற பகுதிக்குள் டிவைஸ் என்கிரிப்ஷன் ஆன் ஆகியிருக்கிறதா என்று தெரியும். ஆன் என்றால், செட்டிங்ஸில் உள்ள அக்கவுன்ட்ஸ் பகுதியில் எந்த மெயில் ஐடி இருக்கிறது என்று பார்த்து, அதன் பாஸ்வேர்டு தெரியுமா என்று சோதியுங்கள். பிறகு போனிலேயே மைக்ரோசாப்ட் அக்கவுன்ட் பக்கத்துக்குள் நுழைந்து, டிவைசஸ் பகுதியில் ரெக்கவரி கீயைப் பார்த்து, ஒரு தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். அதே லேப்டாப்பில் சேமித்துவைத்தால் பயனில்லை. கம்ப்யூட்டர் ஏற்கெனவே செத்துவிட்டது என்றாலும், அக்கவுன்ட் தெரிந்திருந்தால் போனில் இந்த எண்ணை எடுத்துவிடலாம். இதைச் செய்யாமல் லேப்டாப் பையோடு பஸ் ஏற வேண்டாம்.

டேட்டா விஷயத்தில் இதைவிடக் கொடுமை ஒன்று இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கோ எஸ்எஸ்டியோ பழுதாகி வாரண்டியில் புதிது போட்டார்கள் என்றால், பழையது எங்கே போகிறது? கம்பெனிக்குப் போகிறது. மாற்றிய பாகம் கம்பெனியின் சொத்து என்பது அநேகமாக எல்லா வாரண்டி நிபந்தனைகளிலும் உள்ள சரத்து. பழைய டிஸ்க்கை நாமே வைத்துக்கொள்ள வேண்டுமானால் சில கம்பெனிகள் அதற்கென்று தனித் திட்டம் விற்கின்றன. அலுவலகங்கள் அதை வாங்குகின்றன, வீட்டுக்காரர்கள் யாரும் கேள்விப்பட்டதுகூட இல்லை. 'பழுதான' டிஸ்க் என்றால் படிக்கவே முடியாத டிஸ்க் என்று அர்த்தமில்லை. ஆதார், பான், பாஸ்புக் முதல் பக்கம், குரோமில் சேமித்த பேங்க் பாஸ்வேர்டு எல்லாம் அதில் உயிரோடு இருக்கலாம். டிஸ்க் திணறுவது தெரிந்த அன்றைக்கே காப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். முடியாத அளவுக்குப் போய்விட்டால், வாரண்டி டிஸ்க்கின் விலையையும் உள்ளே இருப்பதன் மதிப்பையும் யோசித்துப் பாருங்கள். உள்ளே இருப்பது குடும்பத்தின் மொத்த ஆவணம் என்றால், கைக்காசு போட்டுப் புது டிஸ்க் வாங்கிவிட்டு பழையதைக் கொடுக்காமல் இருப்பதே புத்திசாலித்தனம் என்பேன். காசு போனால் போகட்டும்.

ரிப்பேருக்குக் கொடுத்த கம்ப்யூட்டரை யாராவது நோண்டுவார்களா என்று கேட்கிறவர்களுக்கு இரண்டு செய்திகள். 2008 தொடக்கத்தில் ஹாங்காங் நடிகர் எடிசன் சென் ரிப்பேருக்குக் கொடுத்த கம்ப்யூட்டரிலிருந்து அந்தரங்கப் படங்கள் திருடப்பட்டு ஊரெங்கும் பரவின. பல நடிகைகளின் வாழ்க்கை அதில் சீரழிந்தது, படங்களை எடுத்த டெக்னீஷியன் சிறைக்குப் போனார். நடிகர் சமாசாரம், நமக்கென்ன என்று தோன்றலாம். கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-ல் வெளியிட்ட ஆய்வு சாதாரண ஆட்களைப் பற்றியது. ஆடியோ டிரைவரை மட்டும் வேண்டுமென்றே நிறுத்திவைத்த லேப்டாப்புகளை 16 ரிப்பேர் கடைகளில் கொடுத்தார்கள். பாஸ்வேர்டே தேவைப்படாத சின்ன வேலை. ஆனால் 6 இடங்களில் டெக்னீஷியன்கள் சொந்த ஃபைல்களைத் திறந்து பார்த்திருந்தார்கள், அதில் 2 இடங்களில் காப்பியும் எடுத்திருந்தார்கள். பெண்ணுடையது போல அமைத்திருந்த லேப்டாப்புகளில்தான் நோண்டல் அதிகம். சிலர் பார்த்த தடயத்தையும் அழித்திருந்தார்கள். கனடாவில் அப்படி என்றால், வீட்டில் வயசுப் பெண்ணின் லேப்டாப்பை பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதி ஒட்டிக் கொடுத்துவிட்டு வருகிற நாம் எந்த நம்பிக்கையில் வருகிறோம்?

போர்டு, ஃபேன், கீபோர்டு, டிஸ்ப்ளே மாற்ற பாஸ்வேர்டு அவசியமே இல்லை. "செக் பண்ண வேணும் மேடம்" என்று கேட்டால், உங்கள் ஃபைல்கள் எதுவும் தெரியாத இன்னொரு யூசரை முன்கூட்டியே உருவாக்கி அதன் பாஸ்வேர்டை மட்டும் கொடுங்கள். அட்மின் உரிமை கொடுக்காமல் இருந்தால் போதும். ஆன்சைட் வாரண்டி என்று எஞ்சினியர் வீட்டுக்கே வந்தால், அவருக்குக் காபி கொடுத்துவிட்டு பக்கத்திலேயே உட்காருங்கள். நல்ல எஞ்சினியர் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

அடுத்தது, யாருடைய வாரண்டி என்ற கேள்வி. 'ஒண்ணு பிளஸ் ரெண்டு' என்று ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளி ஆஃபரிலும் விற்கிறார்களே, அதில் முதல் ஒரு வருஷம் மட்டும்தான் நிச்சயமாகக் கம்ப்யூட்டர் கம்பெனியுடையதாக இருக்கும். மீதி இரண்டு கம்பெனியே கொடுப்பதாகவும் இருக்கலாம், கடையின் சொந்தத் திட்டமாகவும் இருக்கலாம், இரண்டுக்கும் சம்பந்தமில்லாத மூன்றாவது நிறுவனத்தினுடையதாகவும் இருக்கலாம், பின்னால் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனி நிற்கலாம். பில்லில் எல்லாமே 'எக்ஸ்டெண்டட் வாரண்டி' என்ற ஒரே வரியில் வரும். இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பரைக் கம்பெனியின் சொந்த வெப்சைட்டில் போட்டால் வாரண்டி என்றைக்கு முடிகிறது என்று காட்டும். மூன்று வருஷம் காட்டினால் கம்பெனி வாரண்டி. ஒரு வருஷத்தோடு நின்றுவிட்டால், மீதி இரண்டு வருஷத்துக்கு நீங்கள் வேறு யாரையோ நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். அந்த வேறு யாரோ யார் என்று வாங்கிய வாரத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டும். ரெண்டாம் வருஷம் திரை இருண்ட பிறகு கேட்டால், கடையில் அப்போது வேலை பார்த்தவர் இப்போது இருக்க மாட்டார்.

இந்த மூன்றாவது நிறுவனத் திட்டங்களில் பலவற்றில் பதிவு செய்தால்தான் வாரண்டி உயிர்பெறும். பதிவுக்கு உங்கள் போன் நம்பருக்குப் பதிலாகக் கடைக்காரர் தன் நம்பரைப் போட்டிருந்தால், ஓடிபி அவருக்குப் போகும், சர்டிஃபிகேட்டும் அவருக்குப் போகும். உங்கள் போனுக்கோ மெயிலுக்கோ வாரண்டி பத்திரம் வந்து சேராத வரை அந்த ஆயிரத்துச் சொச்ச ரூபாய் நன்கொடை என்றே கணக்கு. பிரிட்டனில் இந்த வியாபாரத்தில் நடந்த கூத்துகளைப் பார்த்து 2005-லேயே உத்தரவு போட்டார்கள்: எக்ஸ்டெண்டட் வாரண்டி வாங்கியவர் 45 நாளுக்குள் வேண்டாம் என்றால், கிளெய்ம் எதுவும் செய்யாதவரை முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும். நாம் வாங்கும் திட்டத்தில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று கவுன்டரிலேயே கேட்டுப் பாருங்கள்.

பில்லையும் சொல்லிவிடுகிறேன். இப்போதெல்லாம் சின்னக் கடைகளில்கூட தெர்மல் பேப்பரில்தான் பில் அடிக்கிறார்கள். மை கிடையாது, சூட்டில் கறுக்கும் தாள் அது. நம் வெயிலில் ஆறு மாசம் கழித்து எடுத்துப் பார்த்தால் வெள்ளைத்தாளாக இருக்கும், உற்றுப் பார்த்தால் கடை லோகோவின் நிழல் மட்டும் தெரியும். வாங்கிய அன்றே போட்டோ எடுத்து உங்களுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவையுங்கள். பில்லில் உள்ள சீரியல் நம்பரும் லேப்டாப் அடியில் உள்ளதும் ஓர் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள். எட்டும் 'பி'யும் இடம் மாறினால் போதும், கிளெய்மைத் தள்ளிவிட ஒரு காரணம் கிடைத்துவிடும்.

இனி தண்ணீர். 2024 நவம்பர் 30 இரவை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்துவிட்டு, போகாமல் அங்கேயே நின்று கொட்டியது. மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர். தென்பெண்ணை வெள்ளம் அரசூரில் தேசிய நெடுஞ்சாலையையே மறித்தது. வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தவர்களின் சிபியு, அது வழக்கமாக எங்கே இருக்குமோ அங்கேதான் இருந்தது: மேஜைக்குக் கீழே, தரையில்.

அந்தத் தண்ணீருக்கு வாரண்டி கிடையாது. எக்ஸ்டெண்டட் வாரண்டி என்பது பாகம் தானாகப் பழுதானால் மாற்றிக் கொடுக்கும் ஏற்பாடு. வெள்ளம், புயல், இடி, தீ எல்லாம் விலக்குப் பட்டியலில் முதல் வரிசையில் இருக்கும். வோல்டேஜ் ஏறி இறங்கிக் கருகியதும் பெரும்பாலும் அதே பட்டியலில்தான். எலி கடித்தது, எறும்பு கூடு வைத்தது, அடாப்டருக்குள் பல்லி போய்ச் செத்தது எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. கீழே விழுந்தது, தண்ணீர் கொட்டியது போன்றவற்றுக்கு ஆக்சிடென்டல் டேமேஜ் என்று தனித் திட்டம், தனிக் காசு. பேட்டரியும் அடாப்டரும் பல திட்டங்களில் இல்லை. சாஃப்ட்வேர் பழுதும் பெரும்பாலும் இல்லை.

வெள்ளத்துக்குக் காப்பு வேண்டுமென்றால் அது வீட்டு இன்சூரன்ஸில் இருக்கிறது. 2021 ஏப்ரல் முதல் பொது இன்சூரன்ஸ் கம்பெனிகள் பாரத் கிரஹ ரக்ஷா என்ற ஒரே மாதிரியான பாலிசியைக் கொடுக்க வேண்டும் என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ சொல்லியிருக்கிறது. வெள்ளமும் புயலும் அதில் அடங்கும். கட்டடத்துக்குப் பாலிசி எடுத்தாலே, அந்தத் தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்சம், வீட்டுப் பொருட்களுக்கும் சேர்ந்து வந்துவிடும். கம்ப்யூட்டருக்கு என்று தனியாக ஆயிரக்கணக்கில் கட்டுகிற நாம் வீட்டுக்கு இன்சூரன்ஸ் எடுப்பதில்லை என்பது தனிக் கதை. முதல் வேலையாக சிபியுவைத் தரையிலிருந்து தூக்கி வையுங்கள். ஐப்பசி இடியில் பிளக்கைப் பிடுங்குகிறவர்கள் இன்டர்நெட் வயரையும் சேர்த்துப் பிடுங்க வேண்டும். அந்த வழியாகவும் போர்டு கருகும்.

ஒருவேளை நனைந்தே விட்டால், 'காஞ்சதும் ஆன் பண்ணிப் பாப்போம்' என்ற வேலை வேண்டாம். நனைந்ததை மறைத்து வாரண்டியில் கொடுக்கலாம் என்ற யோசனையும் வேண்டாம். போர்டின் ஓரங்களில் பச்சை பூத்திருக்கும், பல லேப்டாப்புகளில் ஈரம் பட்டால் நிறம் மாறும் சின்ன ஸ்டிக்கரும் உள்ளே உண்டு. கண்டுபிடித்துவிட்டால் அந்தப் பழுது மட்டுமில்லை, மீதி வாரண்டியும் கேள்விக்குறிதான்.

இன்னொரு கண்ணி, வீட்டு உபயோகம் என்ற நிபந்தனை. வீட்டு முன்னறையிலேயே ஜெராக்ஸ் மெஷின் போட்டு, அதே கம்ப்யூட்டரில் ஆன்லைன் அப்ளிகேஷன் போட்டுக் கொடுக்கிறவர்கள் நம் ஊர்களில் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். எஞ்சினியர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு 'கமர்ஷியல் யூஸ்' என்று எழுதினால் கிளெய்ம் போச்சு. இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வணிக நோக்கம் என்ற விலக்கு இருந்தாலும், சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கு மட்டும் பயன்படுத்துகிறவர் நுகர்வோரே என்று அந்தச் சட்டமே விளக்கம் சொல்கிறது. வாரண்டி தாளின் நிபந்தனை வேறு, சட்டம் வேறு. ஆனால் வழக்கு வரைக்கும் போகாமல் தப்பிக்க வேண்டுமென்றால், வாங்கும்போதே என்ன உபயோகம் என்று உண்மையைச் சொல்லி அதற்கேற்ற திட்டம் கேளுங்கள்.

இப்போது கவுன்டருக்கு வருவோம். பிராண்டின் சொந்த சர்வீஸ் சென்டர் எல்லா ஊரிலும் இருக்காது. திண்டிவனத்துக்காரருக்கு விழுப்புரமோ புதுச்சேரியோ சென்னையோதான் கதி. அதனால் அலைச்சலுக்குப் பயந்து, "குடுத்துட்டுப் போங்க சார், நாங்களே அனுப்பி வாங்கித் தர்றோம்" என்று சொல்லும் உள்ளூர்க் கடையில் கொடுத்துவிடுகிறோம். அங்கே ஒருவர் நல்லெண்ணத்தில்கூட ஸ்குரூவைக் கழற்றிப் பார்த்திருந்தால், கம்பெனி சென்டரில் 'ஏற்கெனவே பிரிச்சிருக்காங்க' என்று மறுக்க இடம் கொடுத்துவிட்டீர்கள். 'ஸ்டிக்கர் கிழிந்தால் வாரண்டி இல்லை' என்று எழுதி ஒட்டுவதே தவறு என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2018-ல் ஆறு கம்பெனிகளை எச்சரித்தது. அந்தச் சலுகையை நம்பி இங்கே ஸ்டிக்கரில் நகம் வைக்க வேண்டாம்.

ஜாப் ஷீட் இல்லாமல் லேப்டாப்பைக் கொடுக்கவே கூடாது. அந்தத் தாளில் சீரியல் நம்பர், பழுது என்ன, கூட என்னென்ன கொடுத்தீர்கள் (அடாப்டர், பை, மௌஸ்), வாரண்டியா காசா, என்றைக்குத் திரும்பக் கிடைக்கும் ஆகியவை இருக்க வேண்டும். பெரும்பாலான சென்டர்களில் 'பாடி ஸ்கிராட்ச், ஹிஞ்ச் லூஸ், டெண்ட்' என்று பார்க்காமலேயே டைப் அடித்து நீட்டுவார்கள். பேனாவை வாங்குவதற்கு முன் லேப்டாப்பை நாலு பக்கமும் அங்கேயே, அவர் கண்ணெதிரே, வீடியோ எடுங்கள். இல்லாத டெண்ட்டைத் தாளிலிருந்து நீக்கச் சொல்லுங்கள். பின்னால் 'பிசிக்கல் டேமேஜ், வாரண்டி கவர் ஆகாது, எஸ்டிமேட் இவ்வளவு' என்று போன் வரும்போது நீங்கள் கையெழுத்துப் போட்ட அந்த ஒரு வார்த்தையைத்தான் காட்டுவார்கள்.

ராம் விஷயத்தில் இப்போது கூடுதல் உஷார் தேவை. 2025 கடைசியிலிருந்து ராம் விலை தாறுமாறாக ஏறிவிட்டது. ஏஐ டேட்டா சென்டர்கள் உலகத்தில் கிடைக்கும் மெமரியை எல்லாம் அள்ளிக்கொண்டு போகின்றன. சில்லறை ராம் விற்றுவந்த குரூஷியல் பிராண்டையே மூடப்போவதாக மைக்ரான் நிறுவனம் 2025 டிசம்பரில் அறிவித்தது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகக்கூடிய ஒரு குச்சிக்கு இவ்வளவு விலை என்றால் கை நீளாமல் இருக்குமா? எல்லா சென்டரும் திருட்டு சென்டர் என்று சொல்லவில்லை. எத்தனை ஜிபி ராம், எத்தனை ஜிபி எஸ்எஸ்டி, என்ன பிராண்டு என்பதை ஜாப் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். ஆன் ஆகிற லேப்டாப் என்றால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். திரும்ப வாங்கும்போது அங்கேயே ஆன் செய்து அதே பக்கத்தைப் பாருங்கள். 16 என்று கொடுத்தது 8 என்று வந்திருந்தால் படி இறங்குவதற்கு முன் தெரிய வேண்டும். மாற்றிய பாகம் எது, அதற்கு எத்தனை நாள் வாரண்டி என்று கையெழுத்தோடு வாங்குங்கள்.

சர்வீஸ் சென்டர் நம்பரைத் தேடும் இடத்தில் இன்னொரு படுகுழி இருக்கிறது. கூகுளில் கம்பெனி பெயரோடு 'கஸ்டமர் கேர் விழுப்புரம்' என்று தேடினால் முதலில் வருவது கம்பெனியாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. யார் வேண்டுமானாலும் மேப்பில் ஒரு கடையைச் சேர்த்து ஒரு செல் நம்பரைப் போட முடியும். போனை எடுப்பவர் மரியாதையாகப் பேசுவார், கம்ப்ளெயின்ட் நம்பர்கூடக் கொடுப்பார். 'ரெஜிஸ்ட்ரேஷனுக்குப் பத்து ரூபா மட்டும் போடுங்க' என்பார், அதற்கு ஒரு லிங்க் வரும், அல்லது எனிடெஸ்க் மாதிரி ஓர் ஆப்பைப் போனில் போடச் சொல்வார். போட்டால் உங்கள் போன் திரை அவர் கைக்குப் போய்விட்டது. இந்த எனிடெஸ்க் மோசடியைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே பேங்குகளை எச்சரித்தது. இன்றைக்கும் ஆட்கள் விழுந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

நாம் தேடிப் போகாமல் அவர்களே நம்மைத் தேடி வருவதும் உண்டு. "உங்க லேப்டாப் வாரண்டி இந்த மாசம் முடியுது, ரினியூ பண்ணிக்கிறீங்களா?" என்று போன் வரும். மாடலைச் சரியாகச் சொல்வார், வாங்கிய மாதத்தைச் சரியாகச் சொல்வார். இவ்வளவு தெரிகிறதே, கம்பெனி ஆள்தான் என்று நம்பிவிடுவோம். 2024 மே மாதம் டெல் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிய அறிவிப்பில், பெயர், முகவரி, வாங்கிய தேதி, சர்வீஸ் டேக் எண், வாரண்டி விவரம் ஆகியவை வெளியே போய்விட்டதாக அதுவே சொன்னது. அப்படி ஒரு பட்டியல் வெளியே போன பிறகு, சரியான விவரம் சொல்வதாலேயே ஒருவர் கம்பெனி ஆள் ஆகிவிட மாட்டார். 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது, அதையும் சாக்காக வைத்து 'உங்க சிஸ்டம் எக்ஸ்பயர் ஆயிடுச்சு' என்று கூப்பிட்டாலும் போனை வையுங்கள். மைக்ரோசாப்ட் யாருக்கும் இப்படிப் போன் போடுவதில்லை. நம்பரை வாரண்டி தாளிலிருந்தோ கம்பெனி வெப்சைட்டில் நேரடியாகப் போயோ எடுங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் ஒரு நிமிஷமும் யோசிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறீர்களோ அவ்வளவு பணத்தைப் பாதி வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு.

எல்லாம் சரியாகச் செய்தும் இழுத்தடித்தால்? 'ஸ்பேர் வரல சார்', 'பாம்பேலேர்ந்து அப்ரூவல் வரணும்', 'டிக்கெட் ஓப்பன்லதான் இருக்கு' என்று மாசக்கணக்கில் ஓட்டுவார்கள். போனில் பேசாதீர்கள். பேசினால் அன்றே அதை இரண்டு வரியில் மெயிலாக அனுப்புங்கள்: 'இன்று நீங்கள் சொன்னது இது.' தேறவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழில் பேசலாம், பல கம்பெனிகள் அந்தப் புகார் போனதுமே அசைந்து கொடுக்கின்றன. மாற்றுப் பொருள் தருகிறோம் என்று வந்தால் என்ன மாதிரி என்று கேளுங்கள். வருஷத்துக்கு இவ்வளவு என்று தேய்மானம் கழித்து, மிச்சத்தை அதே கடையின் கூப்பனாகத் தரும் திட்டங்கள் நிறைய உண்டு.

அதற்கும் மசியவில்லை என்றால் விழுப்புரத்தில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. திண்டிவனம், செஞ்சி, மரக்காணம், வானூர்க்காரர்களுக்கும் அதுதான். வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாக வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். 'பாத்துக்கலாம் பாத்துக்கலாம்' என்று அவர்கள் இழுப்பதில் இந்தக் கணக்கும் அடங்கியிருக்கலாம். பொருளைச் சோதனைக்கு அனுப்பத் தேவையில்லாத வழக்குகளை மூன்று மாசத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அவ்வளவு சீக்கிரம் முடியும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள், நோட்டீஸ் போனதும் சமாதானத்துக்கு வருகிறவர்களும் உண்டு. கடைக்காரர், வாரண்டி நிறுவனம், கம்ப்யூட்டர் கம்பெனி மூவரையும் எதிர்தரப்பில் சேருங்கள். ஒருவரை விட்டால் மற்றவர் அவர்மேல் கை காட்டித் தப்பிப்பார்.

விலை குறைவு என்று பாண்டிச்சேரியில் போய் வாங்கிவரும் பழக்கம் ஜிஎஸ்டி வந்து இத்தனை வருஷத்துக்குப் பிறகும் நம்மிடம் போகவில்லை. 'அங்க வாங்கினதுக்கு அங்கதான் கேஸ் போடணும்' என்று யாராவது சொன்னால், அது 1986-ம் வருஷச் சட்டத்தின் காலத்துப் பேச்சு. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ம் வருஷச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே, அல்லது வேலை பார்க்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். வாங்கியது பாண்டியாக இருக்கட்டும், ஆன்லைனாக இருக்கட்டும். வாரண்டி தாளின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'தகராறு எழுந்தால் நடுவர் மன்றத்தில்தான்' என்று அச்சடித்திருப்பார்கள். அப்படி ஒரு சரத்து இருப்பதால் மட்டும் நுகர்வோர் ஆணையத்தின் கதவு அடைபடாது என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் எம்மார் எம்ஜிஎஃப் வழக்கில் சொல்லிவிட்டது. அந்தப் பொடி எழுத்தைக் காட்டி யாராவது பெங்களூருக்கு வரச் சொன்னால், ஜாப் ஷீட், பில் போட்டோ, அனுப்பிய மெயில்களின் பிரின்ட் மூன்றையும் எடுத்துக்கொண்டு விழுப்புரம் பஸ்ஸில் ஏறுங்கள்.